கறுப்பாக விட்ட தகடு

மூன்றாம் மாடிப் பல் செட்காரர் வீட்டுக்குள்ளேயே விமானம் கட்டுகிறாராம் என்று காவலாளி சொன்னதாகத் தையல்கடைக்காரர் சொன்னார். சொன்னது வேறு யாரிடமும் அல்ல, பல் செட்காரரின் மனைவியிடமே.

"ஜன்னலை இடிச்சுத்தான் வெளிய எடுக்கணுமாமே, உண்மையாம்மா?"

"ஆமா. மொட்டைமாடியில ஓடுபாதை போட ஆள் தேடிட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டு, தைத்த துணியை வாங்கிக்கொண்டு வந்தாள் அவள்.

அந்த விமானம் ஒரு முழம்கூட இருக்காது. வெறும் பிளாஸ்டிக். பகலெல்லாம் பல் மருத்துவர்களுக்காக லேபில் செயற்கைப் பற்களைத் தேய்த்து மெருகேற்றும் மனிதர், சாயங்காலமானால் சமையலறைக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்குள் போய்விடுவார். முகமூடி, ரப்பர் கையுறை, சாயம் பீய்ச்சும் பேனா. இவ்வளவையும் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

எல்லாம் அத்தானுக்காக. பல் செட்காரருடைய அக்காவின் கணவர் அவர்; விமான நிலையப் பட்டறையில் தகடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று நடந்த விருந்தில் பல் செட்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வாழ்நாள் பூரா ஏரோப்பிளேனுக்கு ஒட்டுப் போட்டாரு எங்க அத்தான். ஒருநாளாவது ஏறினாரா?" சபையே சிரித்தது. அத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அன்றோடு சரி. பிறகு மன்னிப்புக் கேட்கப் போனபோது கதவைத் திறந்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், வாயை மட்டும் திறக்கவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன. எப்போது கூப்பிட்டாலும் அக்காதான் பேசுவாள்.

அத்தான் அதிகம் வேலை பார்த்தது பெயின்ட் அடிக்காத, தகடு தகடாகத் தெரிகிற பழைய சரக்கு விமானத்தில். அதன் மாதிரியைச் செய்து, முடித்த பிறகு கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று ரகசியமாக ஆரம்பித்திருந்தார். ஆனால் வதந்தி அதற்குள் ஊரின் மறுகோடிக்கே போய்விட்டது.

"டேய், உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா? வீட்டுக்குள்ள ஏரோப்பிளேன் கட்டறியாமே!" என்றாள் அக்கா போனில்.

வேறு வழியில்லாமல் அவளுக்குப் போட்டோ அனுப்பினார். அனுப்பும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது. முதலில் கண்ணாடிபோல் கறுப்பு, அதன்மேல் மூச்சுக்காற்றைவிட மெல்லியதாய் வெள்ளிச் சாயம். ஒரு தூசி, ஒரு கீறல் கிடையாது.

"அவர் பார்த்தாராக்கா?"

"பார்த்தாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிட்டு மறுபடியும் பார்த்தாரு."

"என்ன சொன்னாரு?"

"'இது ஏரோப்பிளேனா, சாப்பாட்டுக் கரண்டியா?'ன்னாரு."

பல் செட்காரர் போனை வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை மனைவி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். கேலிதான். ஆனால் இத்தனை வருடத்தில் அத்தான் அவரைப் பற்றி உதிர்த்த முதல் வார்த்தை.

அவருக்குத் தப்பு புரிந்தது. லேப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. பல்லென்றால் ஒரே சீராக மின்னவேண்டும். வெயிலில் கிடந்து பறந்த விமானம் அப்படியா மின்னும்? புதிய தகடு ஒரு விதம், பழையது ஒரு விதம், என்ஜின் புகை பட்டது இன்னொரு விதம்.

பூசியதையெல்லாம் துடைத்தெடுத்துவிட்டு மறுபடி கறுப்பிலிருந்து தொடங்கினார். வெள்ளியோடு ஒரு தகட்டுக்கு ஒரு சொட்டு வெள்ளை, அடுத்ததற்கு ஒரு சொட்டுக் கறுப்பு. ஓரம் மறைக்கும் டேப்பை முதலில் உள்ளங்கையில் ஒட்டி ஒட்டிப் பசையைக் குறைத்துக்கொள்வார். இல்லாவிட்டால் அது வெள்ளியையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்துவிடும். மனைவி டார்ச் பிடித்தாள்.

"என் முகத்தை என்னிக்காவது இப்படி உத்துப் பார்த்திருக்கீங்களா?"

"உன் முகத்துல ஒட்டுத் தகடு எதுவும் இல்லையே."

அக்கா இன்னொரு செய்தியும் சொன்னாள். வால் பக்கம், கடைசி ஜன்னலுக்குக் கீழே, அத்தானே வெட்டிப் பொருத்திய தகடு ஒன்று உண்டு. அது மட்டும் தனியாகத் தெரியுமாம்.

"பளபளன்னா, மங்கலாவா?"

"எனக்கென்ன தெரியும்? அவரையே கேளு. நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா?"

அத்தானின் எண்ணுக்கே கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

அதனால் அந்த ஒரு தகட்டை மட்டும் கறுப்பாகவே விட்டார். விமானத்தின் உடலில் மற்றதெல்லாம் பூசி முடித்து, படம் எடுத்து, ஒரு வார்த்தைகூட எழுதாமல் அத்தானுக்கு அனுப்பினார்.

மறுநாள் சாயங்காலம், இன்னும் பொருத்தாத இறக்கைக்குக் கடைசிப் பூச்சு. நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடம் கோடாகத் தெரிந்துவிடும். பாதி இறக்கை முடிந்திருந்தபோது வெளியே போன் அடித்தது.

"ஏங்க! உங்க அத்தான் நம்பர்! அக்காவோடது இல்ல, அவரோடதே!"

"எடுத்துடாதே! நான்தான் எடுக்கணும்!"

ஈர இறக்கையைக் கையில் கிடைத்த செய்தித்தாளின்மேல் போட்டுவிட்டு ஓடிவந்தார். எந்தப் பக்கம் கீழே போனது என்றுகூடப் பார்க்கவில்லை. பெருவிரலால் போனைத் தொட்டார். கண்ணாடியில் வெள்ளி அப்பியதே தவிர, கையுறை போட்ட விரலை போன் மதிக்கவில்லை.

"கையுறைங்க! கையுறையைக் கழட்டுங்க!"

வேர்வையில் அது தோலோடு ஒட்டியிருந்தது. முகமூடியைக் கழுத்துக்கு இறக்கி, கையுறையின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தார். உதடெல்லாம் வெள்ளி. மனைவி இரண்டு கையாலும் போனை ஏந்திக்கொண்டு, "வெச்சிடாதீங்க அண்ணா, வெச்சிடாதீங்க" என்று அதனிடமே சொல்லிக்கொண்டிருந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.