கேட்டில் பிடிக்க ஓர் ஆள்

ஃபேக்டரியில் முதல் சங்கு ஊதுவதற்கு முன்பே கடையைத் திறந்துவிடுவது என் வழக்கம். ஆவடி மார்க்கெட்டை ஒட்டிய சைக்கிள் கடை. ஷிப்டுக்கு ஓடுகிறவனுக்குப் பஞ்சர் ஆனால் அவன் பேரம் பேச மாட்டான். அந்த நேரத்தை நான் விடுவதில்லை. போன மாதம் அப்படி ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஃபேக்டரி ஃபிட்டர் மோகன் சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்.

“அண்ணாத்தே, சேதி தெரியுமா? ரோசலின் அக்கா பூட்டாங்க. ஆஸ்பத்திரிலயே, விடிகாலைல.”

“சவரிக்குச் சொல்லியாச்சா?”

“அவன்தான் பக்கத்துல இருந்தானாம். பாவம், பிரேக்கு இனிமே இன்னா பண்ணுவான்?” என்று சிரித்துவிட்டார் மோகன். சாவுச் செய்தி சொல்ல வந்த இடத்தில் சிரித்தது அவருக்கே கூச்சமாகப் போய், பெடலை மிதித்துக் கிளம்பிவிட்டார்.

முப்பதாம் நாள் பூசைக்குப் போடும் நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். அன்பே உருவானவர், பொறுமையின் சிகரம் என்றெல்லாம் எழுத எனக்கு வராது. அவர் அப்படி இல்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ரோசலின் மேரி திண்டிவனம் பக்கத்துக்காரர். கணவர் அந்தோணி இங்கே டிஃபென்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அக்காவுக்கு அப்போது முப்பதைத் தாண்டிய வயது. கையில் ஜெசிந்தா என்ற சின்னப் பெண். கணவருக்குப் பதிலாக அவருக்கே ஃபேக்டரியில் வேலை கொடுத்தார்கள். அதில் ஒருவருக்கு வயிறு எரிந்தது. அந்தோணியின் தம்பி சவரிமுத்து. வேலை இல்லாமல் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். “அண்ணன் வேலை தம்பிக்குத்தானே வரணும்? பொம்பள போய் மெஷின்ல நிப்பாளா?” என்று என் கடை பெஞ்சில் உட்கார்ந்தே பேசியிருக்கிறான். அண்ணி தாங்க முடியாமல் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் வேலை தனக்கு வரும் என்று யாரோ அவன் தலையில் ஏற்றியிருந்தார்கள்.

குவார்ட்டர்சைக் காலி செய்து ஆவடியை அடுத்த அண்ணனூரில் வாடகைக்குப் போனதும் அக்காவுக்குச் சிக்கல் தொடங்கியது. பஸ் அதன் இஷ்டத்துக்கு வரும். இரண்டாம் சங்கு ஊதினால் கேட்டை மூடிவிடுவார்கள். வேலை நிரந்தரமாகாத காலம். இரண்டு தடவை வெளியே நின்றுவிட்டு, ஆபீசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மூன்றாவது வாரம் கணவரின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

“இத எடுத்துக்கினு ஒரு லேடீஸ் சைக்கிள் குடுங்க.”

“ஓட்டத் தெரியுமாக்கா?”

“தெரிஞ்சா தள்ளிக்கினா வருவேன்?”

அதுவரை அந்த ஆண் சைக்கிளில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தவன் சவரி. அதுவும் போயிற்று அவனுக்கு.

சரி, பழக்கிவிடுவது யார்? புருஷன் போன பொம்பளையின் சீட்டுக்குப் பின்னால் வேற்று ஆண் ஓடினால் ஊர் என்ன பேசும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெண்களில் ஓட்டத் தெரிந்தவர் அப்போது அந்தத் தெருவில் இல்லை. கொழுந்தன்தான் பிடிக்க வேண்டும். சவரி மறுப்பு சொல்லாமல் ஒத்துக்கொண்டான். தினமும் சாயங்காலம் ரயில்வே லைனை ஒட்டிய வெற்றிடத்தில் பயிற்சி. சுற்றிலும் வேடிக்கை. “யக்கா, பறவ மாதிரி போறியே, முட்ட எங்க வைப்பே?” என்று கத்துவார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி அவர் மிதிப்பார். சவரி பின்னால் ஓடுவான். ஒரு சுற்று முடிந்ததும் முன்னால் பாய்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்துவான். அவர் இறங்குவார். தங்கமான கொழுந்தன் என்று தெருவே பேசியது.

நன்றாக ஓட்ட வந்ததும் ஒருநாள் காலையில் சொன்னான்: “இன்னிக்கு நீங்களே ஃபேக்டரிக்குப் போயிடுங்க அண்ணி. நான் பின்னால ஓடியாந்தா சிரிப்பானுங்க.”

ஃபேக்டரி கேட்டில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு அவசரமானாலும் தரையில் போட்ட கோட்டுக்கு முன்னால் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் வெள்ளமாக வந்து அந்த ஓர் இடத்தில் சட்டென்று நிற்கும். அந்த வெள்ளத்துக்கு நடுவில் அக்கா வந்தார். எல்லாரும் இறங்கினார்கள். அவருக்கு இறங்கத் தெரியாது. ஓடுகிற வண்டியில் பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்ற அவர் ஒருமுறைகூடப் பழகவில்லை. ஊன்றப் பார்த்தாலும் கால் தரையை எட்டவில்லை. பழக்கத்தில் “புடி, புடி!” என்று கத்தினார். பிடிக்க யார் இருக்கிறார்கள்? நேரே போய் வரிசையில் மோதினார். பத்துப் பதினைந்து சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. டிபன் டப்பா திறந்து தயிர்சாதம் ரோட்டில் கிடந்தது. முன்பல் ஒன்று பாதி உடைந்தது.

“ஏரோப்ளேன் எறங்கிடுச்சிடோய்!” என்று ஒருவன் கத்த, கேட்டே சிரித்ததாம். காவல்காரர்கூட, “எறங்கித்தாம்மா போவணும், இடிச்சிக்கினு போவக் கூடாது” என்றாராம். தூக்கிவிட ஒரு கை நீளவில்லை. அக்கா எழுந்து, வாயில் வழிந்த ரத்தத்தை முந்தானையால் அழுத்திக்கொண்டு, இரண்டாம் சங்குக்குள் வருகை டோக்கனை மாட்டிவிட்டார். அன்று முழு ஷிப்டும் நின்று வேலை செய்தார்.

சாயங்காலம் ஷிப்டு முடிந்த இரண்டு பேர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள், முன்சக்கரம் நெளிந்திருந்தது. அக்காவும் வீங்கிய உதட்டோடு கூடவே நின்றார். ரிம்மைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண் சீட்டில் நின்றது. நான் விற்றபோது அவர் கால் தரையில் ஊன்றும்படி இறக்கி முடுக்கியிருந்தேன். இப்போது நான்கு விரல் மேலே இருந்தது.

“சீட்ட யாரு ஏத்தினதுக்கா?”

“ஏன், ஓட்ட ஓட்டத் தானா ஏறாதா?”

“நட்டு லூசானா தானா எறங்கும். தானா ஏறாது. ஸ்பேனர் வெச்சி யாரோ ஏத்தணும்.”

வீட்டில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அக்கா அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. நான் சீட்டை இறக்கப் போனபோது தடுத்தார்.

“வுடுங்க. அப்பிடியே இருக்கட்டும்.”

அன்று இரவு சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுக் கொழுந்தனிடம் அவர் சொன்னதை, பிறகு அவரே எனக்குச் சொன்னார். “நீ புடிச்சித்தான் பழகினேன் சவரி. நீ புடிச்சாத்தான் எறங்க வருது. நாளைலேர்ந்து கேட்டாண்ட வந்து நில்லு.”

மறுநாளே போனான். சைக்கிள் ஒன்றுதான், அதில் அக்கா வருவார். அவன் அவருக்கு முன்னால் கேட்டில் இருக்க வேண்டும் என்றால், இருட்டோடு எழுந்து நடக்க வேண்டும். மழையானாலும் நடந்தான். கூட்டத்துக்கு நடுவில் அக்கா மணியடித்துக்கொண்டே வருவார். அவன் பாய்ந்து ஹேண்டில்பாரைப் பிடிப்பான். அவர் மகாராணி போல இறங்கி, அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே தள்ளிக்கொண்டு போவார். ஒரு வாரத்தில் அலுத்துவிடும் என்று அவன் நினைத்திருப்பான். ஒரு வாரத்தில் அவனுக்குப் பேர்தான் வந்தது. “பிரேக்கு வந்துட்டான், ஒதுங்குடா!” ஃபேக்டரி முழுக்க அதுவே பேராகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் காற்றடிக்க என் கடைக்கு வந்தார் அக்கா. ஓடுகிற சைக்கிளில் இடது பெடலில் எழுந்து நின்று, வலது காலைச் சுழற்றி எடுத்து, இரண்டு எட்டு ஓடி நின்றார். பால்காரன்கூட அவ்வளவு சுத்தமாக இறங்க மாட்டான்.

“எங்கக்கா கத்துக்கினீங்க?”

“உழுந்து எந்திரிச்சி. பாத்தத வயித்துல வெச்சிக்கோங்க.”

“அப்ப அவன வுட்டுடலாமே?”

உடைந்த பல் தெரியச் சிரித்தார். “வேணும்னுதான் பண்ணேன்னு அவன் வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். அன்னிக்கே வுட்டுடறேன்.”

சவரி அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. வருஷங்கள் போயின. அக்காவுக்கு வேலை நிரந்தரமாயிற்று. அவனுக்கு டைபாய்டு வந்து படுத்த நாட்களில் அவர் சைக்கிளைத் தொடவில்லை. முன்னதாக எழுந்து, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, கேட் வரை நடந்தே போனார். தனக்கு இறங்கத் தெரியாது என்ற பேச்சுக்குப் பழுது வந்துவிடக் கூடாதாம்.

குமணன்சாவடியிலிருந்து சவரிக்கு ஒரு பெண் வீட்டார் வந்தார்கள். தனக்கு ஃபேக்டரியில் வேலை என்று தரகரிடம் அளந்து வைத்திருந்தான். பெண்ணின் அப்பா விசாரித்தபோது அக்கா மறுக்கவில்லை. “ஆமாங்க, தெனம் ஃபேக்டரிக்குத்தான் போறாரு. காலைல சங்கு ஊதற நேரம் கேட்டாண்ட வந்து பாருங்களேன்” என்றார். அந்த மனிதர் வந்து பார்த்தார். மாப்பிள்ளை ஒரு பெண்ணின் சைக்கிளைப் பிடித்து நிறுத்துவதையும், நாலு பேர் “பிரேக்கு” என்று கூவுவதையும் பார்த்துவிட்டு, ஒரு டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறினார். அதற்குப் பிறகு எந்தப் பெண் வீடும் வரவில்லை.

அன்றைக்கு நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன். “இது கொடுமக்கா. அவன் வாழ்க்கையே போச்சு.”

“என் பொண்ணு சோத்தத் தட்டிவுடப் பாத்தான். எனக்குக் கொடும தெரியாதா?” என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. அதே வாயால், ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பெரிய மீன் துண்டாக எடுத்து வைப்பார். கிறிஸ்துமஸ் என்றால் முதல் சட்டை அவனுக்குத்தான். அந்த ஃபேக்டரிச் சோற்றில்தான் ஜெசிந்தா படித்து இன்று பள்ளிக்கூட டீச்சர். இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் எழுதினால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டார்.

அக்கா வேலையில் இருந்த கடைசி நாள்வரை அவன் கேட்டில் நின்றான். இந்த வருஷம்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் சவரிதான். ஜெசிந்தா எனக்குச் சொன்னது இது: அக்கா இரண்டு தடவை கண்ணைத் திறந்து அவனையே பார்த்தாராம். “சொல்லு சவரி” என்றாராம். அவன் போர்வையைச் சரிசெய்தானாம்.

கல்லறையில் பெட்டியை இறக்குவதற்குக் காத்திருந்தபோது அவன் என் பக்கத்தில் நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது. மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: “அண்ணிக்கு எறங்கத் தெரியும்ணே. ரொம்ப நாளாவே எனக்குத் தெரியும். உங்க கடையாண்ட எறங்கினத நானே பாத்தேன்.”

“தெரிஞ்சுமாடா இத்தன வருஷம் போய் நின்னே?”

“நிக்க மாட்டேன்னா, வேணும்னு பண்ணேன்னு ஒத்துக்கினா மாதிரி ஆயிடாதா?”

“இப்பதான் போயிட்டாங்களே. இப்பவாவது சொல்லேன். அவங்க காதுல உழாது.”

பெட்டி கீழே இறங்கியது. ஒவ்வொருவராக மண் போட்டோம். சவரி கைநிறைய அள்ளி, குழியின் ஓரத்தில் குனிந்தான். வாய் அசைவதுபோலத் தெரிந்ததும் நானும் காதைக் கொடுத்தேன்.

“நான் ஒழுங்காத்தான் அண்ணி சொல்லிக் குடுத்தேன்” என்று சொல்லிவிட்டு மண்ணைப் போட்டான்.

அக்கா, அதற்குமேல் அவனிடமிருந்து வாங்க நம்மால் ஆகாது. நீங்கள் படுங்கள்.