தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் மூன்று தொட்டிகள்

லாரி கழுவிய தண்ணீரையே சுத்தம் செய்து, திரும்பவும் லாரி கழுவுகிறவர் ஒருவர் தொப்பூரில் இருக்கிறார் என்று போன பதிவில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் வாசகர்கள் சிலர் வழி கேட்டார்கள். அந்த ‘ஒருவர்’ என் தங்கை ஷமீம். வழியைச் சரியாகக் குறித்துவரத்தான் போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

தர்மபுரியில் காலை 6.40க்கு பைக்கை எடுத்தேன். வழியில் ஒரு டீ, 12 ரூபாய். என் மீட்டரில் 24 கிலோமீட்டர் காட்டியபோது, 7.35க்கு, அவளுடைய வாட்டர் சர்வீஸ் வந்துவிட்டது. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, இடது பக்கம்.

மூன்று கோடைக்கு முன் அங்கே போர் வற்றியது. இடத்தை விற்றுவிடச் சொன்னவன் நான். (இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.) அவளும் மச்சான் ரபீக்கும் கேட்கவில்லை; மூன்று தொட்டி கட்டினார்கள். முதல் தொட்டியில் சேறு அடியில் தங்கும், மிதக்கும் எண்ணெயை வழித்து எடுத்துவிடுவார்கள். அடுத்ததில் ஜல்லியும் மணலும். கடைசியில் கரி, பிறகு குளோரின். வாசலில் பெரிய போர்டு: ‘சுத்திகரித்த கழிவுநீர். குடிக்க வேண்டாம்.’ அதைப் படித்துவிட்டே பல வண்டிகள் போய்விடுவதாகவும், கழற்றிவிடலாம் என்றால் இவள் சம்மதிப்பதில்லை என்றும் மச்சான் வருத்தப்பட்டார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாமக்கல் லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்காமலே கேட்டார்.

“ஏம்மா, வெள்ளிக்கிழமை பூஜை போடற வண்டி இது. இதும்மேல சாக்கடைத் தண்ணிய அடிப்பீங்களா?”

“சாக்கடை இல்லீங்கண்ணா, நேத்து வந்த லாரிங்க கழுவுன தண்ணி. தொட்டியப் பாருங்க. மனசுக்கு ஒப்பலைன்னா கெளம்புங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்.”

அவர் இறங்கிவந்து தண்ணீரை முகர்ந்தார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை அதில் முக்கிப் பிழிந்து வெயிலில் விரித்துப் பார்த்தார். கறை இல்லை. டயரை மட்டும் கழுவச் சொன்னார். அது முடிந்ததும், “கேபினையும் அடிச்சிருங்க. மாலை இருக்குது, பாத்து” என்றார்.

போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அப்புறம் லாரிக் கூட்டம் சேர்ந்துவிடும், ஷமீமால் நின்று பேச முடியாது. பைக்கை ரோட்டோரம் நிறுத்தவே கூடாது, உள்ளே இடம் இருக்கிறது. சொந்தமாகத் தொட்டி கட்டுகிறவர்கள் போர்டையும் சேர்த்தே மாட்டுங்கள். மறைத்துவைத்திருந்தால் அந்த டிரைவர் துண்டை நனைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

லாரி கிளம்பும்போது, அவர் கேட்காமலே சொன்னேன்: “என் தங்கச்சிங்க.”