ஓடாத எஞ்சினுக்கு டீசல்

கண்ணுசாமி சித்தப்பாவின் கிணற்றில் சோலார் மோட்டார் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. அது ஓடுகிறதா இல்லையா என்பது இன்னமும் அவருக்குக் காதால் தெரிவதில்லை. வரப்பில் நடந்து வந்து, தொட்டியில் தண்ணீர் விழுவதைப் பார்த்து, ஒரு கையை அதில் நனைத்த பிறகுதான், "ஓடுதுடா" என்பார். சொல்லும்போதும் முகத்தில் ஒரு சந்தேகம் இருக்கும்.

வல்லத்திராக்கோட்டைக்குக் கிழக்கே எங்கள் வயல். அதை ஒட்டி அவருடையது. அவருக்கு அடுத்தது பிச்சையம்மாள் அத்தையின் வயல். அத்தைக்குக் கிணறு கிடையாது. கணவர் ராக்கன் திருப்பூரில் ஒரு மில்லுக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டார். வெள்ளாமை எல்லாம் அத்தை ஒருவர்தான்.

சித்தப்பா ஆயில் எஞ்சினோடு வளர்ந்தவர். அவருடைய வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும்; எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும்போது கைப்பிடி திருப்பி அடித்ததில் வந்தது. ஒருமுறை சவுதிக்குப் போனார். ஆறு மாதத்தில் திரும்பி வந்து, "அங்க டீசல் சல்லிசா கெடக்குடா, தண்ணிதான் இல்ல" என்றார். மறுநாளே எஞ்சினைக் கிளப்பிவிட்டார். அது டப டப என்று கத்தினால் நாலு வயலுக்குக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் பிச்சையம்மாள் அத்தை டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு வருவார்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எடுப்பவர் தன் டீசலைத் தானே கொண்டுவந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். தண்ணீருக்கு யாரும் விலை சொல்வதில்லை. டீசல் கையில் வருவதால் யாருக்கும் யாரிடமும் தலை குனிய வேண்டியதும் இல்லை. அத்தை ஊற்றுவார், சித்தப்பா வாய்க்காலைத் திருப்புவார். இருவரும் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

இலவசக் கரண்டுக்கு சித்தப்பா எழுதிப்போட்டு வருடங்கள் ஆயின. முறை வரவில்லை. சோலாருக்கு அரசாங்கம் பெரும்பங்கு மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு நான்தான் செல்போனில் பதிந்து கொடுத்தேன். இனிமேல் கரண்டு வேண்டாம் என்று எழுதித் தரும்படி அவரைக் கேட்டார்கள்.

"வராத கரண்ட எப்புடிடா வேண்டாங்குறது?" என்று அரை நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தை மாதம் பேனல்கள் வந்தன. மாட்டிக் கொடுக்க வந்தவர் செம்மல் என்ற இளைஞர். பேனல் நிற்கும் கம்பத்தில் ஒரு கைப்பிடி இருந்தது.

"காலையில கெழக்கால பாக்க வைங்க, உச்சிக்கு நேரா வைங்க, சாப்ட்டுட்டு வந்து மேக்கால திருப்புங்க. வெயிலு மூஞ்சியில படணும். இல்லாட்டி தண்ணி கொறஞ்சுரும்."

"டீசல் ஊத்துற எடம் எங்க?" என்று சித்தப்பா கேலியாகக் கேட்டார். செம்மல் சிரித்தார். பிறகு சித்தப்பா குரலைத் தாழ்த்தி, "பக்கத்து வயலுக்கு விடலாமா?" என்றார்.

"தண்ணிய விக்கக் கூடாதுங்க."

"விக்கல. சும்மா விட்டா?"

செம்மல் தலையைச் சொறிந்தார். "சும்மான்னா... அது எனக்குத் தெரியலங்க. ஆபீஸ்ல கேட்டுக்கங்க."

சித்தப்பா ஆபீஸில் கேட்கவில்லை. "கேட்டு, கூடாதுன்னுட்டா என்னடா பண்றது? இப்ப தெரியாதுன்னாவது இருக்கு" என்றார் என்னிடம்.

பழைய எஞ்சின் புங்க மரத்தடியில் சாக்கு போர்த்தி நின்றது. தொட்டி நிரம்பி வழிந்தது. சித்தப்பா வயல் கடலை கரும்பச்சையாக நின்றது. பிச்சையம்மாள் அத்தையும் தையிலேயே கடலை போட்டிருந்தார். மாசியில் பூ உதிர்ந்து விழுது இறங்கும் நேரம். மண் இளகினால்தான் விழுது உள்ளே போய்க் காய் பிடிக்கும். காய்ந்து கிடந்தால் வெளியிலேயே கருகிவிடும். பூ எத்தனை பூத்தாலும் காய் இருக்காது. அத்தையின் வயல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. நடுவில் ஒரே ஒரு வரப்பு. இந்தப் பக்கம் ஈரம், அந்தப் பக்கம் புழுதி.

அத்தை தண்ணீர் கேட்கவில்லை. சத்தம் கேட்டு வருபவர் அவர்; இப்போது சத்தமே இல்லை. களை எடுப்பதுபோல் வரப்போரம் குனிந்திருந்த அத்தையிடம் ஒருநாள், "சித்தப்பாக்கிட்ட கேளுங்கத்தை" என்று சொல்லிப் பார்த்தேன்.

"என்னத்தக் கொண்டுபோயி கேக்குறது? வெறுங்கையோடயா?" என்றார். "அண்ணனும் கூப்புடலையேப்பா."

சித்தப்பாவிடம் போனால், "அவ வரட்டும்டா. எப்பவும் அவதான வருவா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நானாக் கூப்புட்டு விட்டா, ஓசியில குடுத்தேன்னு ஆயிராதா? ராக்கன் வந்து என்ன நெனைப்பான்?" என்றார். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, "விடாம இருந்தா மட்டும் என்ன நெனைப்பான்?" என்றார்.

வளர்மதி சித்தி அடுப்படியிலிருந்து சத்தம் போட்டார். "சூரியன் என்னமோ ஒங்க அப்பன் வீட்டுச் சொத்து மாதிரியில்ல யோசிக்கிறீக!"

"ஒனக்கு ஒண்ணும் வெளங்காது, சும்மா கெட."

"ஒங்களுக்கு வெளங்குதாக்கும்?"



இரண்டு நாள் கழித்துக் காலையில் பிச்சையம்மாள் அத்தை வந்தார். கையில் அதே மஞ்சள் கேன். சித்தப்பாவும் நானும் தொட்டியருகே நின்றிருந்தோம். அத்தை எங்களைப் பார்க்காமல் நேரே புங்க மரத்தடிக்குப் போனார். சாக்கை விலக்கினார். எஞ்சினின் டேங்க் மூடியைத் திருகினார். டீசலை ஊற்றினார்.

சித்தப்பாவின் வாய் திறந்தபடி இருந்தது. "ஏத்தா, என்னத்தா பண்ற?"

"டீசல் ஊத்துறேன்."

"அதுதான் ஓடலையே!"

"ஓடுறதும் ஓடாததும் ஒங்க பாடுண்ணே. நான் ஊத்திட்டேன்."

அத்தை மூடியைத் திருகி, சாக்கை மறுபடி போர்த்திவிட்டு, எங்கள் எதிரில் வந்து நின்றார். முகத்தில் கோபம் இல்லை. அழப்போகிறவர் மாதிரியும் இல்லை. சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். பிறகு அவர் மண்வெட்டியை எடுத்துப் போய் வரப்பை வெட்டினார். தண்ணீர் எந்தச் சத்தமும் இல்லாமல் அந்தப் பக்கம் போயிற்று. வெடிப்புகள் ஒவ்வொன்றாக வாயை மூடின.

அடுத்த முறை தண்ணீர் பாய்ச்சும்போதும் கேன் வந்தது. அதற்கடுத்த பாய்ச்சலில் டேங்க் நிரம்பி, டீசல் வழிந்து எஞ்சினின் காலில் இறங்கியது.

"போதுந்தா. இனிமே புடிக்காது" என்றார் சித்தப்பா.

அத்தை கேனை அசைத்துப் பார்த்தார். பாதி மிச்சம் இருந்தது. "அப்ப இனிமே என்னண்ணே செய்யிறது?"

சித்தப்பா, "பாப்பம்" என்றார். அன்று வரப்பை வெட்டினார்தான். ஆனால் அத்தை மிச்ச டீசலோடு திரும்பிப் போவதைத் தன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அதற்குப் பிறகு அத்தை வரவில்லை. விழுது பாதிதான் இறங்கியிருந்தது. இன்னும் ஒரு தண்ணீராவது வேண்டும்.

சித்தப்பா மதியம் சாப்பிட்டால் அசந்துவிடுவார். பேனலை மேற்கே திருப்ப எப்போதும் மறந்துவிடுவார். எழுந்து வரும்போது பேனல் உச்சியைப் பார்த்து நிற்கும், தண்ணீர் விரல் தடிமனில் விழும். நேற்று அப்படி இல்லை. அவர் என்னைக் கூப்பிட்டார். தொட்டியில் தண்ணீர் கை தடிமனுக்கு விழுந்துகொண்டிருந்தது. பேனல்கள் மேற்கே திரும்பி வெயிலை நேராகப் பார்த்தன. மேலே படிந்திருந்த செம்மண் புழுதியும் துடைக்கப்பட்டிருந்தது.

"நீ திருப்புனியா?"

"இல்ல சித்தப்பா."

கைப்பிடிக்குக் கீழே ஈர மண்ணில் ஒரு காலடித் தடம், கிழக்கே வரப்புவரை போயிருந்தது. அத்தை அவர் வயலில் முதுகைக் காட்டிக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். களை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

சித்தப்பா மண்வெட்டியை எடுத்தார். எடுத்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஏன்டா, இவ எனக்கு வேலை செய்யிறாளா, இல்ல நான் இவளுக்குத் தண்ணி விடுறேனா? இதுல எது?"

"ஆபீஸ்ல கேக்கலாமா?" என்றேன்.

"நல்லாக் கேப்ப போ" என்று சொல்லிவிட்டு வரப்பை வெட்டினார். தண்ணீர் கிழக்கே திரும்பியது. பிறகு அங்கிட்டுப் பார்த்துச் சத்தமாக, "ஏத்தா! நாளைக்கும் நீயே மேக்கால திருப்பிரு. நான் மறந்துர்றேன்" என்றார்.

அத்தை நிமிரவில்லை. "சரிண்ணே" என்ற குரல் மட்டும் வந்தது.

சித்தப்பா தொட்டியில் கையை விட்டு நனைத்துப் பார்த்தார். "ஓடுதுடா" என்றார்.