நடுவில் ஒருத்தி

பரிசோதனைக் கூடத்தில் என் பக்கத்து மேசையில் ரத்தம் எடுப்பவளை நாங்கள் ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவோம். ஊசியைக் கண்டு நடுங்கும் தடியனைக்கூடப் பேசிப் பேசியே சிரிக்கவைத்து, அவன் அசந்த நேரத்தில் குழாயை நிரப்பிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் வீட்டுக்குப் போனால் கப்சிப். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் பிறந்த வீட்டில் கோபம் என்றால் பேச்சு நின்றுவிடும். அப்பாவும் அம்மாவும் மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல், எதையும் இவளிடமே சொல்லி அனுப்புவார்களாம். இவளுடைய ஒன்பதாவது வயதில் ஒருநாள், “போறதுன்னா போகச் சொல்லு” என்றாராம் அம்மா. இவள் ஓர் எழுத்து மாறாமல் போய்ச் சொன்னாள். சட்டையை மாட்டிக்கொண்டு போன அப்பா திரும்பி வரவேயில்லை.

வாய்த்த கணவனும் கல்லுளிமங்கன். ஊருக்கெல்லாம் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவன் சொந்த வீட்டு ஃபிரிட்ஜைத் தொடவில்லை என்று தொடங்கிய சண்டையில் நாற்பது நாளாகப் பேச்சில்லை. ஏழு வயது மகள்தான் கூடத்துக்கும் சமையலறைக்கும் ஓடிக்கொண்டிருந்தாள்.

“உன்னைச் செய்ய வச்ச அதே வேலைய அவளையும் செய்ய வைக்கிறியேடி!” என்று திட்டினேன்.

“வாய் வர மாட்டேங்குதுக்கா” என்றாள்.

போன வாரம் அவனுக்கு வெளியூரில் இரண்டு வருட வேலை கிடைத்தது. “போகலாமான்னு அம்மாகிட்ட கேளு” என்று மகளை அனுப்பினான். இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் வீம்பு விடுமா? “போனா நிம்மதின்னு சொல்லு” என்றாள்.

சிறிது நேரத்தில் அவனே சமையலறை வாசலில் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது.

“போக வேணாம்னு அழுதியாமே? வரலைன்னு போன் பண்ணிச் சொல்லிட்டேன்.”

அவனுக்குப் பின்னால் மகள் நின்றாள். பயத்தில் முகம் வெளுத்திருந்தது.

தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று இவள் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது கதை. இவள் மகளின் முகத்தைப் பார்த்தாள்.

“போகாதீங்க” என்றாள் கடைசியில், திக்கித் திணறி.

“அத நீயே வந்து சொன்னா என்ன?” என்று கேட்டான் அவன். நானும் அதையேதான் பிறகு இவளிடம் கேட்டேன்.

அவன் கூடத்துக்குப் போனதும் மகள் வந்து இவள் கையைப் பிடித்தாளாம்.

“அம்மா, நீங்க ரெண்டு பேரும் பேசிட்டீங்கல்ல? நான் இனிமே விளையாடப் போகலாமா?”