நாலாம் வளைவில் நிற்கும் வண்டிக்காரன்

போன வாரம் வாஷிங் மெஷினைப் பழுது பார்க்க ஒரு தம்பி வந்திருந்தார். வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "ஏனுங்க்கா, இப்ப உங்க போனுக்கு ஒரு மெசேஜ் வருமுங்க. குறை ஏதாச்சும் இருந்தா எங்கிட்டயே சொல்லிப்போடுங்க. அதுல மட்டும் அஞ்சு ஸ்டார் போட்டுருங்க" என்றார். மெஷின் ஓடிய ஓட்டத்தில் அடுக்களைப் பாத்திரமெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லா இருக்குதுங்க தம்பி" என்றேன். கோயமுத்தூர்க்காரி வாயில் வேறென்ன வரும்! எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் கைகழுவிக்கொண்டே அதைத்தான் சொல்வோம்.

ஆனால் "நல்லா இருக்குதுங்க" என்று எவர் சொன்னாலும் நான் இன்றைக்கும் அவர் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்பேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் காரணத்தைச் சொல்வேன். என் பேச்சு அப்படி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெஷினின் முதுகைத் திறந்தபோது சூடான ஒயர் வாசனை வந்தது. அது என்னை நேராகக் காந்திபுரத்து மாடி அறைக்குக் கொண்டுபோய்விட்டது. தொண்ணூறுகளில் நான் அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே காப்பிக்கொட்டை வறுக்கும் கடை. மேலே எங்கள் மெஷின்கள் காயும் வாசனை. அந்த அறையின் ஒரு மூலையில்தான் நானும் என்னோடு வேலை பார்த்த பிரபுவும் "மலைப்பாதை"யை நடத்தினோம்.

அது ஒரு ஆட்டம். இன்டர்நெட்டை நாங்கள் பத்திரிகையில் படித்ததோடு சரி. ஆட்டத்துக்கென்று எங்களிடம் இருந்தது ஒரு போன் லைன், கம்ப்யூட்டரைப் போன் வழியாகப் பேசவைக்கும் ஒரு மோடம், ஒரு பழைய கம்ப்யூட்டர். ஊரில் எவர் வீட்டில் மோடம் இருக்கிறதோ அவர் எங்கள் நம்பரைக் கூப்பிட்டால், இரண்டு மெஷினும் கிரீச் கிரீச்சென்று கத்திக்கொள்ளும். பிறகு எங்கள் ஆட்டம் அவர் திரையில் தெரியும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வர முடியும். படம் கிடையாது, வெறும் எழுத்து, அதுவும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அடிவாரச் சந்தையிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி உச்சியில் இருக்கும் கோட்டைக்குப் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு வேஷம். ராம்நகரில் கிளினிக் வைத்திருந்த ஒரு பல் டாக்டர் அதில் சித்தர். நான் மணியக்காரர், அதாவது ஆட்டத்தை நடத்தும் ஆள். "பொம்பளைன்னு தெரிஞ்சா ஆட்டத்த உட்டுப்போட்டு ஜாதகம் கேப்பாங்க" என்று பிரபு சொன்னதால் எனக்கு மீசை வைத்த வேஷம். நான் பெண் என்பது பிரபுவையும் டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தை விட்டு வெளியே போகும்போது திரையில் ஒரு கேள்வி வரும்: "குறை நிறை சொல்லுங்கள்." பிரபு ஆசை ஆசையாக எழுதிச் சேர்த்தது. வந்த பதிலெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: நல்லா இருக்குதுங்க. டாக்டர் ஒருமுறை, "எல்லாம் அருமைங்க. ஆட்டம் மட்டும் கொஞ்சம் புரியலைங்க" என்று எழுதினார். பிரபு தலையில் அடித்துக்கொண்டான். "இந்த ஊர்ல குறை கேக்கறதுக்குச் செவுத்துல முட்டிக்கலாம்!"

நான் இந்த ஊர்க்காரி, எனக்கு அந்தப் பதில்களுக்குள் இருப்பதைப் படிக்கத் தெரியும். நம் ஆட்கள் குறையை நேராகச் சொல்ல மாட்டார்கள். "ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் சொன்னேன்" என்று முடித்தால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் அப்படிச் சொன்னால் சம்பந்தம் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் அப்படிச் சொன்னால் வீட்டில் அழ ஆரம்பிக்கலாம்.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒருத்திதான் திட்டுவாள். ஆட்டத்தில் அவள் பெயர் வெள்ளி, மலைக்குப் பாக்கு மூட்டை கொண்டுபோகும் வியாபாரி. சேரும்போது கொடுத்த நிஜப்பெயர் கோகிலா. காரமடைப் பக்கம் பாக்குத்தோப்புக்காரர் வீட்டுப் பெண். மண்டிக் கணக்குக்கு வாங்கிய கம்ப்யூட்டரில் மத்தியான வேளையில் வருவாள். "நாலாம் வளைவுப் புலி சுத்த போர். பூனையாட்டம் வருது. மாத்து" என்று எழுதுவாள். மரியாதையாவது மண்ணாவது! எங்களுக்கு அவளை அவ்வளவு பிடிக்கும்.

வண்டிக்காரன் என்று இன்னொருவன். மேட்டுப்பாளையத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொடுக்கும் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. அப்பா அம்மா தோட்டத்துக் கூலிகள். அவன் காலையில் வந்து, ஏதாவது ஒரு வளைவில் புளிச்சோறு வைத்துவிட்டுப் போவான். இவள் மத்தியானம் வந்து அதை எடுத்துக்கொண்டு, ஒரு கொட்டைப்பாக்கை வைத்துவிட்டுப் போவாள். ஒரு லைன்தானே, ஒருநாளும் ஒரே நேரத்தில் இருவரும் அங்கே இருந்ததில்லை. வெளியே என்றால் "எந்த ஊருங்க, எந்தப் பக்கமுங்க, அய்யன் பேரென்னங்க" என்று மூன்றே கேள்வியில் இரண்டு பேரையும் எடைபோட்டு எதிரெதிர்த் திசையில் நிறுத்தியிருப்பார்கள். எங்கள் மலையில் அதைக் கேட்க ஆளில்லை. அதற்காக நான் பெருமைப்பட்டேன், போங்கள். எல்லாவற்றையும் பார்க்கும் மணியக்காரர் அல்லவா, இருவரும் வெளியிலும் சந்திக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று புரிந்தபோது பிரபுவுக்குப் பன் வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் ஒருநாள் வெள்ளி வந்தாள். கோட்டைக்குள் ஒரு அறையில் போய் உட்கார்ந்தாள். ஒன்றும் செய்யவில்லை. போகும்போது எழுதினாள்: "நல்லா இருக்குதுங்க."

பிரபு சிரித்தான். "பரவால்ல, புள்ளைக்கு மரியாதை வந்துருச்சு!" நான் சிரிக்கவில்லை. மறுநாளும் அதே அறை, அதே பதில். அந்த வாரத்திலிருந்து வண்டிக்காரனும் வரவில்லை. நாலாம் வளைவில் வண்டியோடு அப்படியே நின்றான். பிறகு அவளிடமிருந்து கொஞ்சம் நீளமாக ஒன்று வந்தது: "கோட்டைக் கதவு வெளிய பூட்டியிருக்குதுங்க. ஆராச்சும் வெளிய இருந்து தொறந்தா நல்லா இருக்குமுங்க. ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் சொன்னேன்."

பிரபு ஆட்டத்தின் நிரலை வரி வரியாகப் பார்த்தான். "நம்ம கோட்டைக்குக் கதவே கிடையாதுடீ" என்றான். சொல்லிவிட்டு அவனே போனை என் பக்கம் தள்ளினான்.

அவள் கொடுத்திருந்த நம்பருக்கு நான்தான் போன் செய்தேன். ஒரு ஆண் குரல் எடுத்தது. நிதானமான, இனிப்பான குரல். "ஆருங்க?"

"கம்ப்யூட்டர் கிளாஸ்ல இருந்துங்க. கோகிலா இருக்காங்களா?"

"ஏனுங் அம்மணி, அப்புடி ஆரும் இந்த ஊட்டுல இல்லீங்களே." கொஞ்சம் பொறுத்து, "சாப்டீங்களா அம்மணி? நேரத்துக்குச் சாப்புடோணுமுங்க. வெச்சுப்போடறனுங்க" என்றது. என் வாழ்க்கையில் கெட்ட வார்த்தை நிறையக் கேட்டிருக்கிறேன், பதிலுக்குக் கொடுத்துமிருக்கிறேன். அந்த மரியாதைக்குத்தான் எழுந்து போய் மாடிக் கதவைத் தாழ்போட்டேன்.

அதற்குப் பிறகு அவளோடு ஆட்டத்துக்குள்தான் பேசினோம். அவள் அறையில், அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி நாங்கள் ஒரு ஓலையைப் போடுவோம். அவள் குறை நிறையில் பதில் எழுதுவாள். வீட்டில் போனின் சுழற்றும் வட்டத்தில் குட்டிப் பூட்டு மாட்டியிருந்தார்களாம். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்த பூட்டுதான். கம்ப்யூட்டருக்குப் பின்னால் போகும் ஒயரும் அதே போன்தான் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. முகூர்த்தம் குறித்துவிட்டார்கள், மாப்பிள்ளையை அவள் பார்த்ததுகூட இல்லை என்று எழுதினாள். ஒவ்வொரு பதிலிலும் ஒரே கேள்வி: "வண்டிக்காரர் வந்தாருங்களா?" சில நாள் பாதியில் லைன் அறுந்துவிடும். அவளே வைத்தாளா, கூடத்தில் இன்னொரு போனை எவராவது எடுத்துக் கிரீச் சத்தத்தைக் கேட்டுவிட்டார்களா? தெரியாது. மறுநாள் மத்தியானம் மோடம் கத்தும்வரை எனக்குச் சோறு இறங்காது.

பிரபு மேட்டுப்பாளையம் போய் வந்தான். கடைக்காரர், "பையனைக் காணோமுங்க. அவங்க ஊட்டுல போலீஸ்ல எழுதிக் குடுத்துருக்காங்க" என்றாராம். சொன்ன கையோடு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாராம்.

வழி சொன்னது, ஆட்டமே புரியாத பல் டாக்டர்தான். "கல்யாணப் பொண்ணுக்குப் பல்லு வலின்னா எந்த ஊட்டுலயும் கூட்டிட்டு வந்துதானுங்க ஆகோணும். மாப்ள ஊட்டுக்காரங்க முன்னாடி கன்னம் வீங்கி நிக்க முடியுமா? எங்கிளினிக்குக்குப் பின்னால படி இருக்குதுங்க" என்றார். வெள்ளியின் அறையில் ஓலை போட்டோம்: ராம்நகர் சித்தர் பல்லுக்கு நல்ல மருந்து தருகிறார், அவர் குகைக்குப் பின்வாசல் உண்டு. அன்று அவள் எழுதினாள்: "பல்லு வலிக்குதுங்க."

முன்னறையில் அவள் அம்மாவும், வேட்டி கட்டிய இரண்டு பேரும் வாரப் பத்திரிகை புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பின்படியில் நான் ஆட்டோவோடு நின்றேன். ஒல்லியாக ஒரு பெண் இறங்கி வந்தாள். வாயில் பஞ்சு. அதைத் துப்பிவிட்டு, "நீயா மணியக்காரர்?" என்றாள். "ஏன்க்கா அந்தப் புலிய இன்னும் மாத்தல?" எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. ஆட்டோவில் போகும்போது அந்தப் போன் குரலைப் பற்றிக் கேட்டேன். "எங்க பெரியப்பா. அவரு சத்தம் போட்டு நாங்க பாத்ததே இல்லக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள்.

பெங்களூரில் என் சிநேகிதி இருந்த லேடீஸ் ஹாஸ்டலுக்கு அனுப்பினோம். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தாள். "ஆட்டத்த மட்டும் மூடிப்போடாதக்கா. அவரு எங்க இருந்தாலும் அங்கதான் வருவாரு." அதற்குப் பிறகு வாராவாரம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிடுவாள். ஹலோகூடக் கிடையாது. "வந்தாரா?" வரவில்லை என்பேன். "சரி, மூடிராத" என்று வைத்துவிடுவாள்.

ஒரு மத்தியானம் மோடம் கத்தியது. அது வெள்ளி வழக்கமாக வரும் நேரம். திரையில் பெயர் எழுந்தது: வண்டிக்காரன். பாஸ்வேர்டு முதல் தடவையிலேயே சரி. நான் கத்திய கத்தலில் பிரபு நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தான். இரண்டு பேரும் திரைக்கு முன்னால் குழந்தைகள் மாதிரிக் குதித்தோம். கடவுளே, பையன் உயிரோடு இருக்கிறான்!

வண்டிக்காரன் நகரவில்லை. நாலாம் வளைவிலேயே நின்றான். வண்டியில் இருந்த புளிச்சோற்றை எடுத்து வைக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்றே தெரியாதவன் போல் வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, வெளியேறும் கட்டளையைத் தட்டினான். குறை நிறை சொல்லுங்கள் என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாகப் பதில் வந்தது.

"நல்லா இருக்குதுங்க அம்மணி. கோகிலா எங்கீங்க இருக்குது? ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் கேட்டேன்."

வண்டிக்காரன் என்னை எப்போதும் "மணியக்காரரே" என்றுதான் கூப்பிடுவான். மீசை வைத்த மணியக்காரர் ஒரு அம்மணி என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. போனில் என் குரலைக் கேட்ட அந்தப் பெரியப்பாவுக்குத்தான் தெரியும். அவள் விட்டுவந்த கம்ப்யூட்டரில் எங்கள் நம்பர் பதிந்தே இருந்தது. பாஸ்வேர்டு மட்டும் வண்டிக்காரனிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

பிரபு ஒயரைப் பிடுங்கினான். அந்த நம்பரை வைத்து எங்கள் மாடிப்படிக்கு வர அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்கே எல்லாவற்றையும் அழித்தோம். சந்தை, சித்தர் குகை, வளைவுகள், கோட்டை. கடைசியாக வண்டிக்காரன் பெயரில் போய் நின்றேன். வண்டியில்: புளிச்சோறு, வெள்ளிக்கு. என்னால் முடியவில்லை, பிரபுதான் அந்தப் பொத்தானை அழுத்தினான்.

அந்த வாரமும் வெள்ளி கூப்பிட்டாள். இந்த முறை சென்டரின் இன்னொரு நம்பருக்கு. "லைனே போகமாட்டேங்குது. வந்தாரா?"

எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. "கண்ணு, அவனோட பாஸ்வேர்டு உனக்குத் தெரியுமா? எப்பவாச்சும் உன் கம்ப்யூட்டர்ல போட்டிருக்கானா?"

"இல்லியே. எனக்கே சொன்னதில்ல. யாருக்கும் சொல்லமாட்டாரு. ஏன்க்கா கேக்கற?" என்றாள்.

எத்தனையோ பொய் தயாராக வைத்திருந்தேன். வாயில் வந்தது இந்த ஊர்க்காரிக்கு எது வருமோ அதுதான். "ஒண்ணுமில்ல கண்ணு, சும்மாதான் கேட்டேன்."

அவளும் இந்த ஊர்க்காரிதானே. பூத் மீட்டர் ஓடும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. அப்புறம், "சரிங்க. வெச்சுப்போடறனுங்க" என்றாள்.

அந்தக் காந்திபுரத்து மாடி இப்போது ஒரு துணிக்கடையின் குடோன். காப்பி வறுக்கும் வாசனை இல்லை, மோடம் கத்தும் சத்தத்தை என் மகளுக்கு வாயால் செய்து காட்ட வேண்டியிருக்கிறது. நம்பர்களுக்கு முன்னால் ஏதேதோ எண்களைச் சேர்த்துவிட்டார்கள். பழைய நம்பருக்குக் கூப்பிட்டால், இப்படி ஒரு எண் இல்லை என்று ஒரு அம்மாள் மரியாதையாகச் சொல்கிறார். ஹாஸ்டலை விட்டுப் போன வெள்ளி எங்கே போனாள் என்று என் சிநேகிதிக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் கூப்பிடவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை.