உள்ளங்காலில் ஒட்டிய தரை

சர்ரக், சர்ரக். காய்ந்த தேங்காயை மட்டையோடு குறுக்கே பிளந்து, தும்பு நார் தெரியும் முகத்தைத் தரையில் கவிழ்த்து, அதன் முதுகில் ஒரு காலை ஊன்றி, மற்றக் காலில் நின்றபடி முன்னும் பின்னும் தள்ளினால் வருகிற சத்தம் அது. பருத்தித்துறைப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்ணைத் திறக்காமலே, நாளைக்கு வருசப்பிறப்பு என்று காது சொல்லிவிடும். ஆனால் நான் இப்போது இருப்பது கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில். இங்கே இந்தச் சத்தத்துக்குப் பெயர் கிடையாது. அதனால் மாடியிலிருந்து மேரி அக்காவின் குரல்தான் முதலில் இறங்கி வந்தது.

"இன்னா சிலோனு, கீழ மாடு கீடு கட்டி வச்சிகினு கீறியா? செவுத்துல முதுக தேய்க்கிற மாரியே கீது!"

"தரை மினுக்கிறன் அக்கா."

"இன்னாது?"

"பாலிஷ் போடுறேன்!"

"தரைக்கா? ஷூவுக்குத்தான்யா பாலிஷு போடுவாங்க!"

மேரி அக்கா எங்கள் வீட்டுக்காரம்மா. அவருடைய கணவர் அணுமின் நிலைய ஊழியர்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு இந்த வீட்டைக் கட்டி, ஒரு கிறிஸ்துமஸைப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அகதி முகாமைவிட்டு வெளியே வந்து, புது மனைவியோடு நான் வாடகைக்கு வீடு தேடிய காலம் அது. வாயைத் திறந்தாலே "மலையாளமா?" என்பார்கள். இல்லையென்றதும், ஊரிலிருந்து மச்சினன் குடும்பம் வருகிறது, வீடு தருவதற்கில்லை என்பார்கள். அத்தனை வீட்டுக்கும் ஒரே மச்சினன்தான் போலும். மேரி அக்கா மட்டும் முழுக் கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு, முறத்தில் இருந்த கருவாட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "எங்க ஆளுங்க காலம்பூரா அடுத்தவன் நெலத்துல நாத்து நட்டவங்க. எங்களுக்குன்னு கால் வைக்க ஒரு தரை வந்ததே இந்த வூடுதான். நீ வந்து நின்னா தேஞ்சா பூடும்? வா, வந்து கால வையி."

அந்த 'வா'வின் மேல்தான் இன்றுவரை நின்றுகொண்டிருக்கிறேன். என் மகள் மலர் தவழ்ந்ததும் அதன் மேல்தான். இப்போது செங்கல்பட்டுக்கு பஸ் ஏறி நர்சிங் படிக்கப் போகிறாள்.

நான் தரையை மினுக்கியதற்குக் காரணம் என் தங்கை வதனி. பன்னிரண்டு வயதில் என்னைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தவர் அப்பா. சண்டை நடந்துகொண்டிருந்தது; வளர்கிற பையனை வீட்டில் வைத்திருக்கப் பயந்த காலம். வதனிக்குக் கடும் காய்ச்சல். அம்மா அவளோடு நின்றுகொண்டார். காய்ச்சல் விட்டதும் அடுத்த படகில் வந்துவிடுவார்கள் என்றார் அப்பா. காய்ச்சல் விட்டது, படகுதான் வரவில்லை. அப்பா இந்தக் கரையில் மண்ணானார். அம்மா அந்தக் கரையில் சாம்பலானார். மிச்சமிருந்த எங்கள் இருவருக்கும் நடுவே தொலைபேசி மட்டும் தேய்ந்தது. அப்படிப்பட்டவள், கோயில் பார்க்க வருகிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்து வருகிறாள். நடுவில் நாலைந்து நாள் என்னோடு இருக்கப்போகிறாள்.

"சும்மா பாக்க வரேல்ல அண்ணா," என்றாள் தொலைபேசியில். "உங்களைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வாறன். வீடு திருத்தியாச்சு. நேரில நிண்டு கேட்டா இல்லையெண்டு சொல்ல மாட்டியள்."

டொரன்டோவிலும் ஓஸ்லோவிலும் இருக்கிற நண்பர்களுக்கு இது விளங்காமல் போகலாம். உங்களிடம் கடவுச்சீட்டு இருக்கிறது; ஒரு கோடை விடுமுறைக்கு ஊர் போய், பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் நல்லெண்ணெயும் கட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறீர்கள். கையில் அகதி அட்டை மட்டும் இருக்கிற என் போன்றவர்களுக்குப் போகிற வழி உண்டு. திரும்பி வருகிற வழிக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ஆகவே அவள் கேட்கப்போகும் கேள்விக்கு 'ஆம்' என்றால் இந்த வீடும் மலரின் படிப்பும் போச்சு. 'இல்லை' என்றால், உலகத்தில் எனக்கென்று மிஞ்சிய ஒரே கூடப்பிறப்பின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் என் நாக்கு வளையவில்லை. வாய்க்குப் பதில் வராதபோது கைக்கு வேலை கொடுப்பது என் பழக்கம். குனிந்து பார்த்தேன். தரை தெரிந்தது.

பல வருடத்துச் சிமெண்ட் தரை. நடமாடும் இடத்தில் பொடிப்பொடியாகக் கிளம்பும். சுவர் ஓரத்தில் உப்புப் பூக்கும். கடல் எங்களைப் பார்க்க வீட்டுக்குள் வருவது அந்த வழியாகத்தான். பெயிண்ட் அடிக்கலாமா என்று மேரி அக்காவிடம் கேட்டேன். "அடிச்சிக்க. ஆனா பச்ச மட்டும் வாணாம், ஆஸ்பத்திரி மாரி கீது," என்று அனுமதி தந்தார். பெயர்ந்ததைச் சுரண்டி, வெடிப்புகளைச் சிமெண்டுக் குழம்பால் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கழுவி, சிவப்புப் பெயிண்டை அடித்தேன். அவசரக்காரன், ஈரம் முழுக்கக் காய விடவில்லை. இரண்டாம் நாள் சுவர் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரிக் கொப்பளித்தது. சுரண்டி எறிந்துவிட்டு, இம்முறை ஃபேனை ஓடவிட்டுப் பொறுமையாகக் காயவைத்து, மறுபடி அடித்தேன். என் மனைவி சுகந்தி சமையலறை வாசலில் நின்று, "தங்கச்சிக்காகத் தரையா, தரைக்காகத் தங்கச்சியா?" என்றாள்.

பெயிண்ட் பிடித்துவிட்டது. ஆனால் அது வெறும் சிவப்பாகத்தான் இருந்தது. ஊரில் எங்கள் வீட்டுச் சிவப்பு ஆழமானது. அதில் நம் முகம் கொஞ்சம் கறுத்துத் தெரியும். அதற்கு மெழுகு வேண்டும். பெயிண்ட் கடைக்காரரிடம் போனேன்.

"தரைக்குப் போடுற சிவப்பு மெழுகு இருக்குதோ?"

"மெழுகுவத்தியா சார்? உங்க ஏரியால கரண்டு இல்லியா?"

"இல்லை, தரையில பூசுறது. பூசிப்போட்டுத் தேய்க்கிறது."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாருக்கு மலையாளமா?"

"தமிழ்தான்."

"அப்டியா! தமிழ் நல்லா பேசறீங்க சார்," என்றார் மனசாரப் பாராட்டி. நன்றி சொல்லி, அவர் தந்த மெழுகுவர்த்திகளையும் ஒரு போத்தல் டர்பன்டைனையும் காவிப் பொடியையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்பாவும் இப்படித்தான் வீட்டிலேயே காய்ச்சுவார். மெழுகை உருக்கி, அடுப்பைவிட்டு வெகுதூரம் தள்ளி வைத்து, டர்பன்டைன் ஊற்றி, காவிப் பொடியைத் தூவிக் கிண்டுவார். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் பண்டிகை தொடங்கிவிடும். அம்மா பழந்துணியால் பூசிக்கொண்டே பின்னால் போவார். நாங்கள் ஆளுக்கொரு தேங்காய்ப் பாதியில் கால் வைத்துக் கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போட்டி போடுவோம். விழுந்தால் அந்த இடம் இன்னும் பளபளக்கும். அப்பாவின் கைக்கு அளவு தெரியாது. பொடி எப்போதும் கூடிவிடும். ஒரு கிழமைக்கு, அதாவது வாரம் முழுக்க, எங்கள் உள்ளங்கால்கள் செவேலென்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தால், எந்த வீட்டில் மினுக்கியிருக்கிறார்கள் என்று வாத்தியாருக்கே தெரிந்துவிடும்.

என் கைக்கும் அளவு தெரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வதனி வந்தாள். ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கிய மலர், "அத்தே, இன்னா இது, உள்ள அம்மிக்கல்லா எடுத்தாந்துகீற?" என்றாள். வதனி என்னைப் பார்த்தாள். 'உங்கட பிள்ளை என்ன பாஷை கதைக்குது?' என்று கண்ணால் கேட்டாள். "பெட்டி பாரமாம்," என்று மொழிபெயர்த்தேன். தமிழிலிருந்து தமிழுக்கு. செருப்பைக் கழற்றி வாசல்படியில் வைத்துவிட்டு, உள்ளே ஒரு கால் வைத்தவள் அப்படியே நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஐயோ அண்ணா! அங்கயே இல்லாததை இஞ்ச வச்சிருக்கிறியள்!"

தன் கைப்பேசியில் வீட்டைக் காட்டினாள். சண்டை ஓய்ந்து அவள் திரும்பிப் போனபோது கூரை இல்லை. கூடத்தில் ஒரு வேம்பு நின்றது. சருகைக் கூட்டித் தள்ளியபோது அடியில் அப்பாவின் சிவப்புத் தரை அப்படியே கிடந்ததாம். வீட்டைத் திருத்தியபின் கொஞ்சக் காலம் அதையே மினுக்கிப் பார்த்திருக்கிறாள். முழங்கால் நோ வந்துவிட்டது. இப்போது கூடம், குசினி எல்லாம் வெள்ளை டைல்ஸ். படத்தில் பளிச்சென்று, யாருடைய வீடோ போல இருந்தது.

"உங்கட அறைக்கு மட்டும் போடேல்ல," என்றாள் மெல்ல. "அது அப்பிடியே சிவப்பாத்தான் கிடக்கு. நீங்கள் வந்து சொல்லுங்கோ, போடுறதோ விடுறதோ எண்டு."

பன்னிரண்டு வயதில் விட்டு வந்தவனுக்கு ஒரு அறை. கைப்பேசியை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை, விருந்தாளிக்கென்று மேரி அக்கா ஒரு சட்டி வஞ்சிரக் குழம்போடு இறங்கி வந்தார். கூடத்தில் இரண்டடி வைத்ததும் கால் சறுக்கியது. சட்டியை வதனி பிடித்தாள், மேரி அக்காவை நான் பிடித்தேன்.

"அடப்பாவி! இது தரையா, சறுக்கு மரமா? வயுக்கி வுய்ந்து இடுப்பு பூட்டா உன் வூட்டு ஆளுங்களா வந்து எனக்குக் கஞ்சி ஊத்துவாங்க?"

"நான் ஊத்துறன் அக்கா," என்றாள் வதனி.

"பாரு, தங்கச்சிக்குக் கீற அறிவு அண்ணாத்தைக்கு இல்ல," என்று சிரித்தபடி மேலே போனார். கொஞ்ச நேரம்தான். பிறகு மாடியே அதிர்ந்தது. "ஐயோ யேசுவே! எவன்டா என் வூட்டுக்குள்ள ரத்தக் காலோட நடந்தவன்?"

ஓடினோம். மேரி அக்காவுக்கு அவர் மகன் போட்டுக்கொடுத்த வெள்ளை டைல்ஸில், வாசலிலிருந்து சமையலறை வரைக்கும் சிவந்த பாதச்சுவடுகள். நடந்தது அவரேதான். அவருடைய உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினேன். பிறகு என்னுடையதை. வதனி தன்னுடையதைப் பார்த்தாள். மூன்று பேருக்கும் ஒரே சிவப்பு. முதலில் சிரித்தது யாரென்று நினைவில்லை.

வதனி பழந்துணியும் டர்பன்டைனும் எடுத்துப்போய், முழங்கால் நோவோடு உட்கார்ந்து துடைத்தாள். மேரி அக்கா பக்கத்தில் குந்தினார். நான் வாளியோடு படியேறி வந்தபோது அவர் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"நீ இன்னாவோ இவர இட்டுகினு போவத்தான் வந்துகீறியாமே? மலரு சொல்லிச்சு."

வதனி அடுத்த சுவட்டுக்கு நகர்ந்தாள். துணி மட்டும் தேய்ந்தது.

"ஒன்னு சொல்றேன், தப்பா நெனச்சிக்காத. போறவன் எவனாச்சும் வாடகை வூட்டுத் தரைய இந்த மாரி எழப்பானா? மூட்ட கட்டுவான். உன் அண்ணன் ஒரு மாசமா குனிஞ்சிகினே கீறாரு. அவரு உன்கிட்ட சொல்ல மாட்டாரு. தரையப் பாத்துக்கோ."

வாளியோடு படியிலேயே நின்றேன். ஒரு மாதமாக எனக்கே தெரியாமல் நான் எழுதிக்கொண்டிருந்த பதிலை, அந்த அம்மா ஒரே மூச்சில் வாசித்துவிட்டார். வெட்கமாக இருந்தது; சுமை இறங்கிய மாதிரியும் இருந்தது. உள்ளே துணி தேய்கிற சத்தம் தொடர்ந்தது. பிறகு வதனி, "இஞ்ச ஒரு அடி விடுபட்டுப்போச்சு அக்கா, காலை எடுங்கோ," என்றாள்.

அதற்குப் பிறகு, என்னோடு வாறியளோ என்று அவள் கேட்கவில்லை. மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனேன், கடற்கரையில் நாங்கள் இருவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலையில் நின்றோம். அப்போதும் கேட்கவில்லை. கடல் எங்கள் கால்களை எவ்வளவோ கழுவியது. சிவப்பு போகவில்லை. புறப்படுகிற நாள் விடியலில் ஒரு சத்தம் கேட்டு விழித்தேன். சர்ரக், சர்ரக். எழுந்து போய்ப் பார்த்தால், வதனி கூடத்தில் நிற்கிறாள்: நோகாத காலை ஊன்றி, நோகிற காலைத் தேங்காய்ப் பாதியில் வைத்து, சுவரை ஒரு கையால் பிடித்தபடி. நான் மற்றப் பாதியை எடுத்தேன். மாடியிலிருந்து அன்றைக்கு ஒரு குரலும் வரவில்லை.

நன்றி என்பதை எந்தத் திசை பார்த்துச் சொல்வது என்று எனக்கு எப்போதும் குழப்பம். படகில் ஏற்றியவருக்கா, ஏறாமல் நின்று ஒரு தரையைக் காத்தவளுக்கா, அல்லது கருவாட்டைப் புரட்டிக்கொண்டே 'கால வையி' என்ற ஒரு பெண்ணுக்கா? நிற்க இடம் தந்தவர்கள் எல்லோருமே எனக்கு ஊர்தான். அந்த ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. ஆனால் அதன் மண் காலில் ஒட்டுகிறது.

அவளோடு வந்த கூட்டம் திருச்சியில் காத்திருந்தது. செங்கல்பட்டு ஜங்ஷனில், மின்சார ரயிலுக்கு ஓடுகிறவர்களுக்கு நடுவே, தெற்கே போகும் வண்டிக்காக நின்றோம். மேரி அக்கா தந்தனுப்பிய கருவாட்டுப் பொதி அவளுடைய கோயில் பிரசாதத்தோடு ஒரே பையில் இருந்தது. வண்டி வந்தது. பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். அவள் படியில் ஏறும்போது செருப்பு நழுவி, ஒரு கணம் அவள் குதிகால் தெரிந்தது. இன்னும் சிவப்பு.

வண்டி நகர்ந்தது. அவளுடைய ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவைப் போலவே விரலை நீட்டி மிரட்டினாள்:

"அந்த அறைக்கு டைல்ஸ் போட மாட்டன் அண்ணா. ஆனா எப்ப வந்தாலும் வாசல்ல காலைக் கழுவிப்போட்டு வாங்கோ. கூடம் முழுக்க வெள்ளை!"