அம்மா தொடாத ஊறுகாய்

போத்தலில் ஒட்டிய தாளில் “தேசிக்காய் ஊறுகாய், ஆடி” என்று அக்கா எழுதியிருந்தார். கிளிநொச்சியில், அவரது குசினியில் அடுப்பருகே மூடியைத் திறந்ததும் அந்த மணம் என்னைக் கனகராயன்குளத்து வீட்டுக்கு இழுத்தது. ஆண்டு நினைவில்லை. தோட்டத்துத் தேசி மிஞ்சிக் காய்த்திருந்தது. துடக்கு, தீட்டு என்பதால் அம்மா ஊறுகாய்ச் சாடியைத் தொடாமல் முற்றத்தில் நின்றார்.

“இஞ்சாருங்கோ, உப்புக் காணாது.”

அப்பா கிண்டியபடியே, “ஆனையிறவு உப்பளத்தையே கொட்டிட்டன், இன்னும் காணாதோ?” என்றார்.

அம்மா அழுதார்.

“மாதத் துடக்குக்கு ஏன் அழுதவா?” என்று மூடியைக் கையில் வைத்தபடி இப்போது அக்காவைக் கேட்டேன்.

“அது நாலு நாளடா. அவா ஒரு மாதம் குசினிக்குள்ள வரேல்லை. பிள்ளை பெத்தால்தான் அப்பிடி விலத்தி இருக்கிறது.”

“அப்ப எங்கட வீட்டில கைப்பிள்ளை இருக்கேல்லையே?”

“அதுதான் எனக்கும் விளங்கேல்லை.”

அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. எனக்குப் பிறகு ஒரு பிள்ளை பிறந்து இறந்ததா என்பது எங்கள் இருவருக்கும் இன்னும் தெரியாது.